படகு ஓடும் வேகமும் லூர் ஓடும் ஆழமும்: ஏரிகளில் டிரோலிங் செய்து கற்றவை

ஓடும் படகின் பின்னால் லூர் எனப்படும் செயற்கை இரைகளை நீருக்குள் விட்டு, அவற்றை இழுத்துச் சென்று மீன் பிடிக்கும் முறையை டிரோலிங் என்கிறோம். பெயர் நெருங்கி ஒலிப்பதால், டிராலர் படகுகள் இழுவலை கொண்டு தரையை வாரிச் செல்லும் தொழிலோடு பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அது வலை, இது தூண்டில் நரம்பும் முள்ளும். நான் பதினோரு ஆண்டுகளாக நன்னீர் ஏரிகளில் இம்முறையில் மீன் பிடித்து வருகிறேன். அவற்றில் முதல் இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் வெறுங்கையோடு கரை திரும்பியவை. நல்ல தூண்டில் கோலும், நரம்பைச் சுற்றிவைக்கும் நல்ல ரீலும் வைத்திருந்தேன். மீன் இருக்கும் ஏரி என்று எல்லோரும் சொன்ன ஏரிக்கே சென்றேன். விடியற்காலையிலேயே படகை இறக்கினேன். ஆனாலும் மீன் கிடைக்கவில்லை. மீன் எங்கே இருக்கிறது என்று நாள் முழுவதும் தேடினேனே தவிர, என் லூர் எங்கே ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஒருநாளும் என்னையே கேட்டுக்கொண்டதில்லை.

அந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவர் என்னைவிட இருபது வயது மூத்த ஒருவர். மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் அவருடைய படகில் போகும் வாய்ப்புக் கிடைத்தது. நான் வழக்கம்போல் லூரை நீரில் விட்டு, நரம்பு ஓடுவதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, போதும் என்று தோன்றியபோது ரீலைப் பூட்டினேன்.

“தம்பி, உங்க லூர் இப்ப எவ்வளவு ஆழத்துல ஓடுது?” என்றார்.

“சரியாத் தெரியலண்ணே. நாலஞ்சு மீட்டர் இருக்கும்.”

“நரம்பு எவ்வளவு விட்டிருக்கீங்க?”

அதற்கும் என்னிடம் விடை இல்லை. அவர் எதுவும் சொல்லாமல் தன் சட்டைப்பையிலிருந்த சிறிய குறிப்பேட்டை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு வரியிலும் லூரின் பெயர், விட்ட நரம்பின் நீளம், படகின் வேகம், சென்ற திசை, மீன் கடித்த இடத்தின் ஆழம் ஆகியவை எழுதப்பட்டிருந்தன. அன்று அவருடைய கோலில் மூன்று மீன்கள் வரும்வரை என் கோல் அசையவில்லை. பிறகு அவர் விட்டிருந்த அதே நீளத்துக்கு என் நரம்பையும் விடச் சொன்னார். அரை மணி நேரத்துக்குள் எனக்கும் ஒரு மீன் கிடைத்தது. மீன் கிடைத்ததைவிட, அது ஏன் கிடைத்தது என்று சொல்ல முடிந்ததே எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

ஆகவே, இத்துறைக்குப் புதிதாக வருபவர் முதலில் தேடிக்கொள்ள வேண்டியது நரம்பின் நீளத்தை அளக்கும் வழியைத்தான். எண்காட்டி பொருத்திய ரீல்கள் இதற்கென்றே செய்யப்படுகின்றன. நரம்பு வெளியே ஓட ஓட எண் ஏறும், சுற்ற இறங்கும். ரீலில் நரம்பு முழுமையாக நிரம்பியிருந்தால்தான் அந்த எண் சரியாக இருக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். பாதி காலியான உருளையின் சுற்றளவு குறைந்துவிடுவதால், எண்காட்டி உண்மையைவிடக் கூடுதலான நீளத்தைக் காட்டும். இரண்டு பேர் ஒரே எண்ணில் லூரை ஓட்டியும் ஒருவருக்கு மட்டும் மீன் விழுந்தால், நான் முதலில் பார்ப்பது இரு ரீல்களிலும் நரம்பு ஒரே அளவு நிரம்பியிருக்கிறதா என்பதைத்தான். எண்காட்டி இல்லாதவர்கள் பத்து மீட்டருக்கு ஒருமுறை நிறம் மாறும் பிரெய்டு (இழைகளைப் பின்னிச் செய்த) நரம்பைப் பயன்படுத்தலாம். அதுவும் இல்லையென்றால், நிலத்தில் நரம்பை நீட்டி வைத்து, பத்து மீட்டருக்கு ஒரு கோடு என அழியாத மையால் குறித்துக்கொள்ளலாம். நான் ஒரு முழுப் பருவத்தை மைக்கோட்டை நம்பியே ஓட்டினேன். அதில் எந்தக் குறையும் இல்லை.

நீளம் தெரிந்துவிட்டால் ஆழம் தெரிந்துவிட்டது என்று பொருளல்ல. கிராங்க்பைட் எனப்படும் மீன் வடிவ லூரின் மூக்கில் ஒளி ஊடுருவும் உதடு போன்ற தகடு ஒன்று இருக்கும். படகு இழுக்கும்போது நீர் அந்த உதட்டில் மோதி லூரைக் கீழே அழுத்துகிறது. உதடு பெரிதாகவும் முன்னோக்கிச் சரிந்தும் இருந்தால் லூர் ஆழமாக இறங்கும். சிறிதாகவும் செங்குத்தாகவும் இருந்தால் மேலாகவே ஓடும். மறுபுறம், நீரில் கிடக்கும் நரம்பு முழுவதும் எதிர்ப்பைத் தந்து லூரை மேலே இழுக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையிலான சமநிலையில்தான் ஆழம் அமைகிறது. அதனால்தான் தடித்த மோனோ (ஒற்றை இழை) நரம்பில் ஓடும் லூரைவிட மெல்லிய பிரெய்டில் ஓடும் அதே லூர் ஆழமாகப் போகிறது. ஒரு கட்டத்துக்குமேல் நரம்பை எவ்வளவு விட்டாலும் லூர் மேற்கொண்டு இறங்காமல் நின்றுவிடுவதும் இதனால்தான். என்னிடம் உள்ள பத்து சென்டிமீட்டர் கிராங்க்பைட் ஒன்று, 0.35 மில்லிமீட்டர் மோனோவில் 20 மீட்டர் விட்டால் ஏறத்தாழ மூன்று மீட்டரிலும், 40 மீட்டர் விட்டால் நான்கரை மீட்டரிலும் ஓடுகிறது. 60 மீட்டர் விட்டாலும் ஐந்து மீட்டரைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் ஆழம் எந்த நரம்பில், எத்தனை மீட்டர் விட்டு அளந்தது என்பது பல நேரங்களில் எழுதப்பட்டிருப்பதில்லை. அதை ஒரு தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

உண்மையான ஆழத்தை அளக்க மூத்தவர் கற்றுத்தந்த வழி மிக எளியது. ஏரியில் தரை சீராக ஏறி வரும், கற்களும் மரக்கட்டைகளும் இல்லாத ஒரு மணற்சரிவைத் தேடிக்கொள்ள வேண்டும். ஆழமான பக்கத்தில் லூரை அளந்து விட்டு, சரிவில் மெதுவாக மேலேறி வர வேண்டும். லூர் நன்றாக ஓடும்வரை கோலின் நுனி சீராக, விட்டுவிடாமல் துடித்துக்கொண்டிருக்கும். உதடு மணலைத் தொட்டவுடன் அந்தத் துடிப்பு கலைந்து, யாரோ விரலால் சுண்டுவதுபோல் விட்டு விட்டுத் தட்டும். அந்தக் கணத்தில் லூர் இருக்கும் இடத்தின் ஆழமே லூரின் ஆழம். இங்கே ஒரு தவறு எளிதில் நேரும். ஒலி அலையால் ஆழத்தையும் மீனையும் காட்டும் சோனார் கருவியின் திரையில் அப்போது தெரிவது படகின் அடியிலுள்ள ஆழம்; லூரோ 30 அல்லது 40 மீட்டர் பின்னால் இருக்கிறது. மணிக்கு 3.6 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்குச் சரியாக ஒரு மீட்டர். ஆகவே அந்த வேகத்தில் 40 மீட்டர் நரம்பு விட்டிருந்தால், ஏறத்தாழ 40 நொடிகளுக்கு முன் திரை காட்டிய ஆழத்தைத்தான் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு காலைப்பொழுதைச் செலவிட்டால் ஐந்தாறு லூர்களை இப்படி அளந்துவிடலாம். மீன் பிடிக்க வேண்டிய நேரத்தை இதற்குச் செலவிடுவதா என்று முதலில் எனக்கும் மனம் வரவில்லை. ஆனால் அந்த ஒரு காலையில் எழுதிய பக்கத்தைத்தான் இத்தனை ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

இதே கணக்கு, சோனாரில் மீனைக் கண்டவுடன் பரபரக்கும் பழக்கத்தையும் மாற்றியது. திரையில் வளைவாகத் தெரிந்த மீனை லூர் எட்டுவதற்கு இன்னும் அரை நிமிடத்துக்குமேல் ஆகும். அதற்குள் படகைத் திருப்பினால் லூர் அந்த மீனின் பக்கமே போகாது. நேராகச் செல்ல வேண்டும், காத்திருக்க வேண்டும். மேலும், இரை தேடும் மீன்கள் பெரும்பாலும் தமக்கு மேலே இருப்பதை நோக்கி எழுந்து வந்து கவ்வுகின்றன. தமக்குக் கீழே போவதைத் தேடி இறங்குவது குறைவு. எட்டு மீட்டரில் மீன் தெரிந்தால் லூரை ஏழு மீட்டருக்குச் சற்று மேலோ கீழோ ஓட்டுவது என் வழக்கம். ஒன்பதில் ஓட்டி நான் மீன் பிடித்த நாள்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம்.

இனி வேகம். நீர் குளிர்ந்திருக்கும் பருவத் தொடக்கத்தில் மணிக்கு 2 முதல் 3 கிலோமீட்டர், நீர் சூடேறிய பின் 3 முதல் 4.5 கிலோமீட்டர் என்பது நான் தொடங்கும் அளவு. பைக் போன்ற பாய்ந்து தாக்கும் மீன்களுக்கு அதைவிடக் கூடுதலாகவும் ஓட்டலாம். ஆனால் ஜி.பி.எஸ். காட்டும் வேகம் நிலத்தைப் பொறுத்தது. லூர் உணரும் வேகம் அதைச் சூழ்ந்துள்ள நீரைப் பொறுத்தது. பெரிய ஏரிகளில் காற்று பல மணி நேரம் ஒரே திசையில் வீசினால் மேல்நீர் ஒருபக்கமாக நகர்கிறது. ஆழத்தில் நீர் எதிர்த்திசையில் திரும்பி வருவதும் உண்டு. கிழக்கே போகும்போது மீன் கடித்து, அதே வேகத்தில் மேற்கே திரும்பும்போது ஒன்றும் கடிக்காவிட்டால், மீன் போய்விட்டது என்று முடிவுகட்டக் கூடாது. குறிப்பேட்டில் திசைக்கென ஒரு பகுதி இருந்ததன் பொருள் எனக்கு விளங்கியது இதன் பிறகுதான். இப்போது திரும்பும் பயணத்தில் எண்ணைப் பார்ப்பதில்லை. கோலின் நுனி முன்பு எப்படித் துடித்ததோ அப்படித் துடிக்கும்வரை விசையைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்கிறேன்.

ஒவ்வொரு லூருக்கும் அது உயிரோடு இருப்பதுபோல் ஓடும் ஒரு வேக எல்லை உண்டு. அதை அறிய, லூரை நீரில் போட்டவுடன் இரண்டு மூன்று மீட்டர் நரம்பில் படகின் பக்கவாட்டில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். நன்றாக ஓடும் கிராங்க்பைட் தலையைப் பெரிதாக ஆட்டாமல், உடல் முழுவதும் இடம் வலமாக நெளிந்து நேராக வரும். சிலது ஒரு பக்கமாகச் சாய்ந்து மேலேறும். அப்படியானால் மூக்கிலுள்ள கம்பி வளையத்தைச் சிறு இடுக்கியால் லூர் ஓடும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக மயிரிழை அளவு வளைக்க வேண்டும். லூர் நம்மை நோக்கி வரும்போது இடப்பக்கம் ஓடினால் வளையத்தை நமது வலப்பக்கம் வளைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளைத்தாலே அது மிகுதி. பின்லாந்து மீனவர் லாரி ரபாலா 1936-இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய ஈயத்தாளை ஒட்டி, புகைப்படச் சுருளை உருக்கி மேற்பூச்சாக்கித் தன் முதல் லூரைச் செய்தார். கூட்டத்திலிருந்து விலகி, அடிபட்டதுபோல் தள்ளாடி நீந்தும் சிறு மீனையே பெரிய மீன்கள் குறிவைக்கின்றன என்று அவர் கண்டதுதான் அதற்கு அடிப்படை. அந்தத் தள்ளாட்டம் கெட்டுவிட்டால் எவ்வளவு விலையுள்ள லூரும் வெறும் பிளாஸ்டிக் துண்டுதான். ஆகவே புதிதாக வாங்கியது என்றாலும் ஓட்டிப் பார்க்காமல் பின்னால் விடுவதில்லை.

ஸ்பூன் எனப்படும் வளைந்த உலோகத் தகடு வேறு வகையானது. அது மெதுவாக ஓடும்போது சோம்பலாக அசையும், வேகம் கூடினால் முழுச் சுழற்சியாகச் சுற்றத் தொடங்கும். சுற்றும் ஸ்பூன் சில மணி நேரத்தில் முழு நரம்பையும் முறுக்கிக் கெடுத்துவிடும். ஸ்பூனுக்கு முன்னால் பால் பேரிங் பொருத்திய நல்ல ஸ்விவல் (முறுக்கு ஏறாமல் சுழலும் இணைப்பு) கட்டாயம் வேண்டும். கிராங்க்பைட்டின் மூக்கிலோ கனமான ஸ்விவலைக் கட்டக் கூடாது, அதன் எடை அசைவை மந்தமாக்கும். வட்டமான சிறு ஸ்னாப் கொக்கி போதும்.

நேர்கோட்டில் ஓட்டுவதைவிட வளைந்து வளைந்து ஓட்டுவது நல்லது என்று பிறர் சொல்லக் கேட்டிருந்தேன்; அதன் காரணத்தை ஒரு நாள்தான் கண்ணால் கண்டேன். இரண்டு மணி நேரம் 3.4 கிலோமீட்டர் வேகத்தில் சென்றும் எதுவும் நிகழவில்லை. ஒரு முனையைச் சுற்ற இடப்பக்கமாக மெதுவாகத் திரும்பியபோது, இடப்பக்கக் கோலின் துடிப்பு தளர்ந்து ஏறக்குறைய நின்றது. அடுத்த நொடி கோல் பின்னோக்கி வளைந்து ரீல் கத்தியது. திருப்பத்தில் உள்பக்கம் இருக்கும் லூர் சிறிய வட்டத்தில் செல்வதால் வேகம் குறைகிறது. வெளிப்பக்கம் இருப்பது வேகம் கூடுகிறது. உள்பக்கக் கோலில் கடித்தால் மீன் மெதுவான இரையைக் கேட்கிறது, வெளிப்பக்கக் கோலில் கடித்தால் வேகமான இரையைக் கேட்கிறது. அன்று வேகத்தை 2.6-க்குக் குறைத்தோம், மாலைக்குள் மேலும் நான்கு மீன்கள், அத்தனையும் நேர் ஓட்டத்தில். மிதக்கும் கிராங்க்பைட் வேகம் குறைந்தால் சற்றே மேலெழும், ஸ்பூனோ மூழ்கும் என்பதால், திருப்பத்தில் வந்த மீன் வேகத்துக்காக வந்ததா ஆழத்துக்காக வந்ததா என்பதைப் பிறகு தனித்தனியாகச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

திருப்பம் பற்றிப் பேசும்போது என் பெரிய இழப்பையும் சொல்லிவிட வேண்டும். நான்காம் ஆண்டில் தனியாகச் சென்றபோது மூன்று கோல்களைப் போட்டிருந்தேன். முன்னால் ஒரு படகு வருவதைத் தாமதமாகக் கண்டு, படகைச் சட்டென்று திருப்பினேன். மூன்று நரம்புகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. அவற்றைப் பார்க்கும் பதற்றத்தில் படகை நிறுத்தினேன். நின்றவுடன் மூழ்கும் லூர்கள் தரையைப் பிடித்தன, தளர்ந்த பிரெய்டு மோட்டாரின் விசிறியில் சுற்றிக்கொண்டது. காற்று என்னைக் கற்கள் நிறைந்த கரையை நோக்கித் தள்ள, மோட்டாரைத் தூக்கி நரம்பை அறுத்து எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதன் பிறகு மூன்று பழக்கங்களை விடாமல் வைத்திருக்கிறேன்: ஆழமாக ஓடும் நரம்புகளைப் படகை ஒட்டியும், மேலாக ஓடுபவற்றை அகலத்தில் வெளியேயும் வைக்கிறேன்; பெரிய வட்டமாகவே திரும்புகிறேன்; தனியாக இருந்தால் இரண்டு கோல்களுக்குமேல் போடுவதில்லை. கோல்களின் எண்ணிக்கைக்குப் பல இடங்களில் சட்ட வரம்பே உண்டு, அதையும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். உயிர்காப்பு மேலாடையும், ஆள் விழுந்தால் மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறும் அன்று என் உடலில் இருந்தன. தனியாக டிரோலிங் செய்பவர் நீரில் விழுந்தால், ஓடும் படகு அவரை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அந்தக் கயிற்றைக் கட்ட மறக்க மாட்டோம்.

கோடையில் நிலை மாறுகிறது. ஆழமான ஏரிகளில் சூடான இலேசான நீர் மேலேயும், குளிர்ந்த கனமான நீர் கீழேயும் பிரிந்து நின்றுவிடும். இரண்டுக்கும் இடையே வெப்பநிலை சட்டென்று இறங்கும் ஓர் அடுக்கு உண்டாகும். சோனாரின் உணர்திறனைக் கூட்டினால் அது பெரும்பாலும் மங்கலான பட்டையாகத் திரையில் தெரியும். ட்ரவுட் மீன் இனங்கள் குளிர்ந்த நீரைத் தேடிக் கீழே போகும். ஆனால் ஊட்டச்சத்து மிகுந்து பாசி பிடித்த ஏரிகளில் அந்த அடுக்குக்குக் கீழே உயிர்வளி தீர்ந்துவிடுவதால் மீன்கள் அங்கே தங்குவதில்லை. ஏரியின் இயல்பை அறியாமல் ஆழத்தில் ஓட்டினால் மீனே இல்லாத நீரில் நாளைக் கழிக்க நேரும்.

பத்து மீட்டருக்குக் கீழே லூரைக் கொண்டுசெல்லப் பல வழிகள் உள்ளன. நான் முதலில் பயன்படுத்தியது ஈய உள்நரம்பு: பின்னிய உறைக்குள் மெல்லிய ஈயக் கம்பி ஓடும் நரம்பு இது. பத்து கஜத்துக்கு, அதாவது சுமார் ஒன்பது மீட்டருக்கு ஒருமுறை இதன் நிறம் மாறும். மணிக்கு 3 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டிய வேகத்தில், ஒரு நிறத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் ஆழம் என்பது பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. வேகத்தைக் குறைத்தால் இன்னும் இறங்கும். கருவி எதுவும் வேண்டாம், சிறு படகுக்கும் பொருந்தும் என்பன இதன் நன்மைகள். ஆனால் ஏழெட்டு நிறம் வெளியே விட்டபின் சிறிய மீன் கடித்தால் அது தெரியவே தெரியாது.

டவுன்ரிக்கர் என்பது படகில் பொருத்தும் சிறு ராட்டினம். கம்பி வடத்தில் நான்கைந்து கிலோ குண்டு ஒன்றைக் கீழே இறக்கும். நரம்பை குண்டுக்கு அருகிலுள்ள கவ்வியில் மாட்டுகிறோம். மீன் கடித்து இழுத்தவுடன் நரம்பு கவ்வியிலிருந்து விடுபட, குண்டின் பாரம் இல்லாமல் மீனோடு மட்டும் நாம் போராடலாம். இதில் இரண்டு செய்திகளை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முதலாவது, எண்காட்டி காட்டுவது வடத்தின் நீளம், ஆழம் அல்ல. ஓட்டத்தில் குண்டு பின்னோக்கிச் சாய்கிறது. வடம் செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்திருந்தால், 20 மீட்டர் வடத்தில் குண்டு 17 மீட்டரைச் சற்றுத் தாண்டிய ஆழத்தில்தான் இருக்கும். அந்த மூன்று மீட்டர் வேறுபாட்டில் லூர் மீன்கூட்டத்துக்குமேல் எட்டாத உயரத்தில் போய்விடலாம். இரண்டாவது, கவ்வியில் மாட்டியபின் கோலின் நுனி நீரை நோக்கி நன்றாக வளையும்வரை நரம்பை இறுக்க வேண்டும். கவ்வி விடும் நொடியில் உண்டாகும் தளர்வை அந்த வளைவு நிமிர்ந்து எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் முள் கழன்றுவிடும். சிறிய படகில் வைப்பவர்கள் ராட்டினத்தின் பிடிமானத்தைத் தளர்வாக வைத்து, வடத்தை வெட்டும் கருவியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும், ஏனெனில் குண்டு தரையில் சிக்கினால் படகின் பின்புறத்தையே அது கீழே இழுக்கும்.

ஆழமற்ற, தெளிந்த நீரில் சிக்கல் வேறு. படகின் நிழலுக்கும் மோட்டார் ஓசைக்கும் மீன்கள் இருபுறமும் விலகிவிடும். அதற்குப் பக்கப்பலகை உதவுகிறது: சாய்வாகச் செதுக்கிய மிதக்கும் பலகை நரம்பை இழுத்துக்கொண்டு படகிலிருந்து 15 முதல் 30 மீட்டர் பக்கவாட்டில் ஓடும். பலகை சட்டென்று பின்வாங்கினால் மீன் கடித்திருக்கிறது. மெல்ல மெல்லப் பின்தங்கினால் லூரில் பாசி தொற்றியிருக்கிறது.

பாசியைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். ஒருமுறை நாற்பது நிமிடம் இழுத்துச் சென்ற லூரை உள்ளே எடுத்தபோது, முள்ளில் சுண்டுவிரல் நீளப் பாசி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நாற்பது நிமிடமும் என் தூண்டில் நீரில் இல்லாததற்குச் சமம். மீன் அதைத் தொடாது. கோலின் நுனியைப் பார்த்துக்கொண்டே இருந்தால் இது நேராது, ஏனெனில் துடிப்பு மந்தமாகி, நுனி ஒரு கனத்தைச் சுமப்பதுபோல் அசையாமல் வளைந்து நிற்கும். இதற்காகவே நுனி மென்மையான, இரண்டேகால் மீட்டருக்குக் குறையாத கோலை விரும்புகிறேன். விறைப்பான கோல் எதையும் சொல்லாது. அத்தோடு, பிரெய்டு நரம்புக்கு நீளும் தன்மை இல்லாததால், கடித்த மீனின் வாயிலிருந்து முள்ளைப் பிடுங்கியும்விடும்.

மற்ற பொருள்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிராக் எனப்படும் ரீலின் பிடிமானத்தை நரம்பின் தாங்குதிறனில் கால் பங்குக்குமேல் இறுக்குவதில்லை. படகின் ஓட்டமும் மீனின் பாய்ச்சலும் சேர்ந்து இழுக்கும் என்பதை மறக்கக் கூடாது. பைக் இருக்கும் நீரில் கம்பி லீடர் (நரம்புக்கும் லூருக்கும் இடையே கட்டும் துண்டு) கட்டாயம். அதன் பற்கள் நரம்பை அறுத்துவிட்டால் நம் முள் அதன் வாயிலேயே தங்கிவிடும். முள்ளைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து இழுத்தால் வழுக்காமல் கீற வேண்டும். வழுக்கினால் அரத்தால் தீட்ட வேண்டும். நிறத்தைப் பற்றி மிகுதியாகப் பேசப்படுகிறது. நீருக்குள் போகப் போக முதலில் மங்குவது சிவப்பு என்பதால் ஆழத்தில் சிவப்பு லூர் கருமையாகவே தெரியும். தெளிந்த நீருக்கு வெள்ளியும் கலங்கிய நீருக்கு அடர்ந்த பளிச்சென்ற நிறங்களும் போதும் என்பது என் முடிவு. பெட்டி நிறைய நிறங்களை வாங்கும் பணத்தில் எண்காட்டி ரீல் ஒன்றை வாங்கலாம்.

மீன் கடித்தவுடன் கோலைப் பிடுங்கி ஓங்கி இழுக்கத் தோன்றும். தேவையில்லை, படகின் ஓட்டத்திலேயே முள் ஏறியிருக்கும். நான் முதலில் செய்வது எண்காட்டியைப் பார்த்து அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்வது. சுற்றத் தொடங்கிவிட்டால் அது திரும்பக் கிடைக்காது. பிறகு கோலைத் தாங்கியிலிருந்து எடுத்து, வளைவு குறையாமல் பிடித்து, சீராகச் சுற்ற வேண்டும். படகை நிறுத்தக் கூடாது, வேகத்தைக் குறைக்க மட்டும் வேண்டும். நிறுத்தினால் நரம்பு தளரும், மற்ற கோல்களின் ஸ்பூன்கள் தரைக்குப் போகும். கைவலையை மீனின் பின்னால் துரத்திக்கொண்டு போகாமல், நீரில் முன்னரே தாழ்த்தி வைத்து, தலை முதலில் நுழையும்படி மீனை அதற்குள் இட்டுவர வேண்டும்.

திரும்ப விடுவதற்காகப் பிடிப்பவர்கள் ஆழத்தைப் பற்றி ஒன்று அறிந்திருக்க வேண்டும். ட்ரவுட், சால்மன் இனங்களின் காற்றுப்பைக்கும் தொண்டைக்கும் இடையே குழாய் உண்டு. மேலே வரும்போது அவற்றால் காற்றை வெளியேற்ற முடியும். வாலாய், பெர்ச் போன்ற மீன்களுக்கு அந்த வழி இல்லை. பத்து மீட்டருக்கும் கீழிருந்து வேகமாக மேலே இழுக்கப்பட்டால் அவற்றின் காற்றுப்பை விரிந்து, வயிறு உப்பி, நீரில் விட்டாலும் கீழே போக முடியாமல் பக்கவாட்டில் மிதக்கும். சென்ற கோடையில் பன்னிரண்டு மீட்டரிலிருந்து வந்த வாலாய் ஒன்றை ஈரக் கையால் பிடித்து, முள்ளை எடுத்து, நீருக்குள்ளேயே வைத்திருந்து விட்டேன். இரண்டு முறை வாலை அடித்துக் கீழே போக முயன்று, இரண்டு முறையும் மேலே வந்து சாய்ந்தது. அதை மறுபடி வலையில் எடுத்து, வைத்துக்கொள்ளும் மீன்களின் கணக்கில் சேர்த்தேன். அன்று முதல், அந்த ஆழத்தில் வாலாய் கடிக்கிறது என்று தெரிந்தால், அன்றைக்கு வைத்துக்கொள்ளப் போகும் எண்ணிக்கை வந்தவுடன் கோல்களை உள்ளே எடுத்துவிட்டு, ஐந்து மீட்டர் நீருக்குப் படகைத் திருப்புகிறேன்.